கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க ஓர் அட்டைப்பெட்டி



தலைப்பைப் பார்த்ததும் "செமஸ்டர் நேரத்தில் இவளுக்கு ஏன் இந்தச் சுடுகாட்டு யோசனை?" என்று வகுப்புத் தோழிகள் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது தாத்தா (அம்மாவின் அப்பா) இறந்துபோனார். பாடை தெருமுனைக்குப் போனதும் பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். என்னைவிட நான்கு வயது சின்னவனான தம்பி ஆண்களோடு போனான். நான் போகவில்லை, அம்மாவும் போகவில்லை. அவன் திரும்பி வந்து குளித்து முடித்ததும் "அங்கே எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன். "மரம் இருந்துச்சு. ஒரு நாய் படுத்திருந்துச்சு" என்றான். தாத்தாவின் கடைசி இடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இன்றுவரை அவ்வளவுதான். மீதியை சினிமா நிரப்பியது: ஆந்தை, புகை, வெள்ளைச் சேலை.

போன மாதம் தம்பி ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். இரண்டு லென்ஸ் வைத்த பெட்டி. அதற்குள் செல்போனைச் செருகிக் கண்ணில் வைத்தால் விர்ச்சுவல் ரியாலிட்டி தயார். 2014இல் கூகுள் "கார்ட்போர்டு" என்ற பெயரில் அறிமுகப்படுத்திய சாதனம்தான் இது. 2021இல் கூகுள் விற்பனையை நிறுத்திவிட்டது, ஆனால் அதே மாதிரிப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ரோலர் கோஸ்டர், திமிங்கிலம் எல்லாம் பார்த்து முடித்தபின் கண்ணில் பட்டது பாரிஸ் நகரத்துக் கல்லறை ஒன்றில் எடுத்த 360 டிகிரி வீடியோ. பயந்துகொண்டேதான் பார்த்தேன். வளைந்து போகும் கல் பாதை. இரண்டு பக்கமும் மரங்கள். சின்னச் சின்ன வீடுகள் மாதிரி சமாதிகள். தலையைத் தூக்கினால் வானம். திரும்பிப் பார்த்தால் நடந்துவந்த பாதை. எங்கேயோ ஒரு பறவை. பயம் வரவில்லை. "ஒரு இடுகாடு இப்படி அமைதியாக இருக்க முடியுமா?" என்ற கேள்விதான் வந்தது. தேடிப் பார்த்ததில், அந்த அமைதி தானாக வந்ததல்ல, திட்டம் போட்டுக் கட்டப்பட்டது என்று தெரிந்தது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

சுவர் இடிந்த கதை

பழைய பாரிஸ் நகரின் நடுவில், சந்தைக்குப் பக்கத்தில், "அப்பாவிகளின் இடுகாடு" (இன்னொசான்) என்று ஒன்று இருந்தது. பல நூற்றாண்டுகளாக அதே சிறிய நிலத்தில் ஊரே புதைக்கப்பட்டது. ஏழைகளுக்குத் தனிக்குழி கிடையாது. பெரிய பள்ளம் தோண்டி, நிரம்பும்வரை உடல்களை அடுக்கி, பிறகு மூடுவார்கள். காலப்போக்கில் இடுகாட்டின் தரைமட்டம் பக்கத்துத் தெருவைவிட உயர்ந்துவிட்டது. 1780ஆம் ஆண்டு அந்தப் பாரம் தாங்காமல் பக்கத்து வீட்டு நிலவறையின் சுவர் இடிந்து விழுந்தது. இடுகாட்டில் இருந்தவை வீட்டுக்குள் வந்தன. இதற்கு மேல் வர்ணிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டே இடுகாடு மூடப்பட்டது. அங்கிருந்த எலும்புகள் இரவு நேரங்களில் வண்டிகளில் ஏற்றப்பட்டு, நகரத்துக்கு அடியில் இருந்த பழைய கல் சுரங்கங்களுக்குக் கொண்டுபோகப்பட்டன. 1786இல் அந்தச் சுரங்கங்கள் முறைப்படி புனிதப்படுத்தப்பட்டன. இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கும் பாரிஸ் "கேட்டகோம்ப்ஸ்" அதுதான்.

ஆக, ஐரோப்பாவிலும் இடுகாடு என்றால் நாற்றம், நோய், பயம் என்றுதான் ஒரு காலத்தில் இருந்தது. நம் ஊர்ப் பயத்துக்கு நாம் மட்டும் வெட்கப்படத் தேவையில்லை. :-)

இடுகாடு தோட்டமான கதை

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு நெப்போலியன் காலத்தில் இதற்கு ஒரு தீர்வு வந்தது. 1804 ஜூன் 12ஆம் தேதி வெளியான அரசாணை சில விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. புதைகுழிகள் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு குழி, குழிக்கும் குழிக்கும் இடைவெளி. மரம் செடி நடலாம், ஆனால் காற்றோட்டம் கெடக்கூடாது. சாதாரணக் குழிகளை ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பயன்படுத்தலாம். இடம் இருந்தால், பணம் கொடுத்துக் குடும்பத்துக்கென்று நிலம் வாங்கிச் சமாதி எழுப்பலாம். கடைசி விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அரசாணைக்குச் சில வாரங்கள் முன்பே, 1804 மே 21 அன்று, நகருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் "பெர் லஷேஸ்" கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டிருந்தது. பதினான்காம் லூயி மன்னரின் ஆன்மகுருவாக இருந்த ஒரு பாதிரியாரின் பெயர் அது. வடிவமைத்தவர் ப்ரோஞ்ஞார் என்ற கட்டடக் கலைஞர். வணிகவியல் படிக்கும் நமக்கு இவர் தூரத்து உறவு. பாரிஸ் பங்குச் சந்தையின் பழைய கட்டடத்தை வடிவமைத்தவரும் இவர்தான்! அந்தக் கட்டடம் முடியும்முன் 1813இல் இறந்து, தான் வடிவமைத்த தோட்டத்திலேயே புதைக்கப்பட்டார்.

ப்ரோஞ்ஞார் குன்றைச் சமப்படுத்தவில்லை. சரிவுகளை அப்படியே விட்டு, ஆங்கிலேயத் தோட்டங்களைப் போல வளைந்து வளைந்து போகும் பாதைகளைப் போட்டார். நேர்பாதையில் நின்றால் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வளைந்த பாதையில் நான்கு அடி வைத்தால் வேறு காட்சி. ஒரு மரத்துக்குப் பின்னால் ஒரு சிலை, அதைத் தாண்டினால் தூரத்தில் நகரம். நடக்கிறவர் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகவே போட்ட பாதை அது.

இங்கேதான் எனக்கு ஒரு பொறி தட்டியது. இப்படிப்பட்ட இடத்தைச் சாதாரண போட்டோவில் பிடிக்கவே முடியாது. போட்டோ ஒரு சமாதியைக் காட்டும், இரண்டு சமாதிகளுக்கு நடுவில் நிற்கும் உணர்வைக் காட்டாது. தலையைத் திருப்பிப் பார்க்கக் கட்டிய தோட்டத்துக்கு, தலையைத் திருப்பிப் பார்க்கும் வீடியோதானே பொருத்தம்?

முதல் வருடம் 13 பேர்

தோட்டம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் வரவில்லை! ஊருக்கு வெளியே, குன்றின் மேல், யார் போவார்கள்? 1804இல் அங்கே புதைக்கப்பட்டவர்கள் 13 பேர் மட்டுமே.

1817இல் நிர்வாகம் ஒரு வேலை செய்தது. புகழ்பெற்ற நாடக ஆசிரியர் மோலியேர், நீதிக்கதைகள் எழுதிய லா ஃபோந்தேன் ஆகியோருடையவை என்று கருதப்பட்ட எலும்புகளைக் கொண்டுவந்து அங்கே புதைத்தது. மத்தியகாலக் காதலர்களான அபெலார், எலோயீஸ் இருவரையும் அதே ஆண்டு கொண்டுவந்தார்கள். அவை உண்மையிலேயே அவர்களுடைய எலும்புகள்தானா என்ற சந்தேகம் இன்றும் உண்டு. ஆனால் வேலை நடந்தது. பெரிய மனிதர்களுக்குப் பக்கத்தில் இடம் வேண்டும் என்று பணக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். 1830க்குள் அங்கே இருந்தவர்கள் எண்ணிக்கை 33,000 ஆகிவிட்டது. மார்க்கெட்டிங் பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் நான் படித்ததில்லை.

பணம் வந்ததும் கலை வந்தது. குடும்பத்துக்குக் குடும்பம் சிற்பிகளை வைத்து வேலை வாங்கினார்கள். இசைக் கலைஞர் ஷோப்பான் இங்கே இருக்கிறார் (அவர் இதயம் மட்டும் வார்சாவில்). எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் கல்லறையில் ஜேக்கப் எப்ஸ்டைன் செதுக்கிய, சிறகு விரித்த உருவம் நிற்கிறது. வாசகர்கள் லிப்ஸ்டிக் பூசிய உதடுகளால் அந்தக் கல்லை முத்தமிட்டு முத்தமிட்டு அது அரிக்கத் தொடங்கியதால், 2011இல் கண்ணாடித் தடுப்பு வைக்கவேண்டி வந்தது. இடுகாட்டில் பயப்படுகிறவர்கள் நாம், முத்தம் கொடுக்கிறவர்கள் அவர்கள்!

அட்டைப்பெட்டியின் கொள்ளுத்தாத்தா

பெர் லஷேஸைப் பார்த்து உலகமே காப்பியடித்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே 1831இல் "மவுண்ட் ஆபர்ன்" தோட்டக் கல்லறை உருவானது. ஜேக்கப் பிகிலோ என்ற மருத்துவரும் மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கமும் சேர்ந்து தொடங்கியது. மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உலாவப் போனார்கள். பொதுப்பூங்காக்கள் பரவலாக இல்லாத காலம் அது. இந்தக் கல்லறைத் தோட்டங்களுக்குக் கிடைத்த வரவேற்புதான் அமெரிக்க நகரங்களில் பூங்காக்கள் வேண்டும் என்ற எண்ணத்தை வளர்த்தது.

இப்போது சுவாரஸ்யமான இடம். இங்கிலாந்தில் 1838இல் வீட்ஸ்டன் என்ற விஞ்ஞானி ஸ்டீரியோஸ்கோப்பை உலகுக்கு அறிவித்தார். நம் இரண்டு கண்களும் ஒரே பொருளைக் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து "ஆழம்" என்ற உணர்வைத் தருகிறது. அதே மாதிரி இரண்டு கோணங்களில் வரைந்த படங்களை இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று என்று காட்டினால் தட்டையான தாள் ஆழமாகத் தெரியும். 1849இல் ப்ரூஸ்டர் அதில் லென்ஸ் வைத்தார். 1861 வாக்கில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற பாஸ்டன் மருத்துவர் கையில் பிடித்துப் பார்க்கும் எளிய, மலிவான ஸ்டீரியோஸ்கோப் ஒன்றைச் செய்தார். காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்றானதால் அது வீடு வீடாகப் பரவியது. அதில் வைத்துப் பார்க்க விற்ற படங்களில் மலைகள், அருவிகள், நகரங்களோடு மவுண்ட் ஆபர்ன், பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டங்களும் இருந்தன!

அதாவது, விர்ச்சுவல் ரியாலிட்டியில் கல்லறையைக் காட்டுவது புது யோசனையே இல்லை. 150 வருடங்களுக்கு முன்பே யாரோ ஒரு பெண் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு லென்ஸ் வழியாக, தான் போகாத ஒரு கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பாள். 1894இல் இறந்த ஹோம்ஸ் எங்கே புதைக்கப்பட்டார் தெரியுமா? அதே மவுண்ட் ஆபர்னில்தான்.

தொழில்நுட்பத்தைப் பற்றி ஒரு பத்தி மட்டும். இன்றைய சிறிய 360 கேமராவில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு லென்ஸ்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 180 டிகிரிக்குச் சற்று அதிகமாகப் பார்க்கும். மென்பொருள் இரண்டையும் தைத்து ஒரு கோளமாக்குகிறது. நாம் தலையைத் திருப்பும்போது போனில் உள்ள சென்சார் அதை உணர்ந்து கோளத்தின் அந்தப் பகுதியைக் காட்டுகிறது. 3840 புள்ளி அகலமுள்ள 4கே வீடியோ என்றாலும், ஒரு நேரத்தில் சுமார் 90 டிகிரிதான் கண்முன் இருக்கும். அப்படியானால் நாம் பார்ப்பது சுமார் 960 புள்ளிகள்தான். கல்வெட்டு எழுத்துகள் மங்கலாகத் தெரிவது அதனால்தான். இன்னொன்று, சாதாரண 360 வீடியோவில் இரண்டு கண்ணுக்கும் ஒரே படம்தான், ஆழம் கிடையாது. ஹோம்ஸின் பெட்டியில் ஆழம் இருந்தது, திரும்பிப் பார்க்க முடியாது. நம் பெட்டியில் திரும்பிப் பார்க்கலாம், ஆழம் இல்லை. இரண்டும் சேர்ந்த வீடியோக்களும் உண்டு, ஆனால் அவற்றை எடுக்கச் செலவு அதிகம்.

கம்பெனி நொடித்தால் கல்லறை என்ன ஆகும்?

இனி நம் பாடத்துக்கு வருவோம். லண்டனிலும் தேவாலய முற்றங்கள் நிரம்பி வழிந்தன. 1831-32இல் காலராவும் வந்தது. அரசு செய்ய வேண்டிய வேலையைக் கூட்டுப்பங்கு நிறுவனங்கள் கையில் எடுத்தன. நாடாளுமன்றச் சட்டம் மூலம் அனுமதி வாங்கி, பங்குகள் விற்று, நிலம் வாங்கி, புதைக்க இடம் விற்றன. 1836இல் அனுமதி பெற்ற லண்டன் செமட்ரி கம்பெனி, 3,500 பவுண்டுக்கு 17 ஏக்கர் நிலம் வாங்கி 1839இல் திறந்ததுதான் "ஹைகேட்". எகிப்தியக் கோயில் மாதிரி ஒரு நுழைவாயில், வட்டமாக அமைந்த சமாதி அறைகள், நடுவில் ஒரு பழைய தேவதாரு மரம் என்று அசத்தினார்கள். விஞ்ஞானி ஃபாரடே அங்கே இருக்கிறார். முதலாளித்துவத்தை விமர்சித்த கார்ல் மார்க்ஸ் 1883இல் புதைக்கப்பட்டதும் இந்தப் பங்குதாரர் கம்பெனியின் நிலத்தில்தான்! :-)

பணம் வரும்வரை எல்லாம் நன்றாக நடந்தது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனி விற்பது "என்றென்றைக்குமான" இடம். வருமானம் ஒரே ஒரு தடவை வரும். புல் வெட்டுவது, சுவர் பூசுவது, சாய்ந்த கல்லை நிமிர்த்துவது ஆகிய செலவுகளோ முடிவே இல்லாதவை. நிலம் நிரம்பிவிட்டால் வருமானம் பூஜ்யம், செலவு அப்படியே. 1960இல் கம்பெனி நொடித்துப்போனது. 1975இல் மேற்குப் பகுதி மூடப்பட்டது. காட்டு மரங்கள் முளைத்துச் சமாதிகளைப் பிளந்தன. விஷமிகள் புகுந்து கல்லறைகளை உடைத்தார்கள்.

காப்பாற்றியது அரசும் அல்ல, கம்பெனியும் அல்ல. 1975இல் அந்தப் பகுதி மக்கள் சேர்ந்து "ஹைகேட் கல்லறையின் நண்பர்கள்" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கையில் அரிவாளோடு புதர் வெட்டினார்கள். 1981இல் நிலத்தின் உரிமையே அவர்கள் கைக்கு வந்தது. இன்று நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில்தான் சுமார் 1,70,000 பேர் உறங்கும் இடம் பராமரிக்கப்படுகிறது.

எனக்கு உறுத்தும் கேள்வி இங்கேதான். எல்லோரும் வீட்டில் இருந்தபடியே இலவசமாக 360 வீடியோவில் பார்த்துவிட்டால், டிக்கெட் யார் வாங்குவார்கள்? அந்தச் சாய்ந்த கல்லை யார் நிமிர்த்துவார்கள்? வீடியோ அமைதியைக் காட்டும். அந்த அமைதிக்காக ஒருவர் தினமும் இலை கூட்டுகிறார் என்பதைக் காட்டாது. கேமரா வைக்கும்முன் அவரை "கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள். கல்லறையை வீடியோ எடுக்கிறவர்கள் அந்தக் கூட்டுகிறவரையும் ஒரு நிமிடம் காட்டினால், பார்ப்பவர்களில் சிலராவது நன்கொடை அனுப்புவார்கள் என்பது என் கருத்து.

கேமரா எங்கே நிற்கிறது?

இன்னொரு உறுத்தலும் உண்டு. 1804 அரசாணையைக் குறித்து வைக்கச் சொன்னேன் அல்லவா? பணம் கொடுத்தவர்களுக்கு நிரந்தர இடம், மற்றவர்களுக்கு ஐந்து வருடம். பெர் லஷேஸில் நாம் பார்த்து ரசிக்கும் சிற்பங்கள் எல்லாம் பணம் கொடுத்தவர்களுடையவை. பணம் இல்லாதவர்கள் மண்ணோடு மண்ணாகப் போனார்கள், கல்லே இல்லை. ஆகவே "கலைநயமிக்க கல்லறை" என்று நாம் சொல்வது ஊரின் முழு வரலாறு அல்ல, ஊரின் வசதியான பாதி.

அதே தோட்டத்தின் ஓர் ஓரத்தில் ஒரு வெறும் சுவர் இருக்கிறது. 1871இல் பாரிஸ் கம்யூன் எழுச்சி நசுக்கப்பட்டபோது, மே 28 அன்று 147 போராளிகளை அந்தச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்று, அங்கேயே பள்ளத்தில் புதைத்தார்கள். அங்கே பெரிய சிற்பம் எதுவும் இல்லை. நான் பார்த்த வீடியோவில் அந்தச் சுவர் வரவே இல்லை. விர்ச்சுவல் ரியாலிட்டியில் நாம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம், உண்மைதான். ஆனால் எங்கே நிற்பது என்பதை நமக்கு முன்பே இன்னொருவர் முடிவு செய்துவிடுகிறார்.

இதற்கு மாறான ஒரு கதையும் சொல்ல வேண்டும். இத்தாலியில் ஜெனோவா நகரில் 1851இல் திறந்த ஸ்டாலியேனோ கல்லறை இருக்கிறது. நீண்ட மண்டபங்களில் வியாபாரிகள், வக்கீல்கள், கப்பல் முதலாளிகளின் பளிங்குச் சிலைகள். அவர்களுக்கு நடுவில் கத்தரினா கம்போடோனிகோ என்ற பெண்மணியின் சிலை. அவர் திருவிழாக்களில் கொட்டைகளை மாலையாகக் கோத்தும் இனிப்பு வளையங்கள் செய்தும் விற்று வாழ்ந்தவர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஊரின் பேர்பெற்ற சிற்பி லொரேன்ஸோ ஒரெங்கோவிடம் போய், தான் உயிரோடு இருக்கும்போதே தன் சிலையைச் செய்யச் சொன்னார். 1881இல் சிலை முடிந்தது. நல்ல உடை, சரிகை வேலை, சால்வை. கையில்? விற்ற கொட்டை மாலையும் வளையமும்! தன் தொழிலை மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு இறந்து அங்கேயே அடக்கமானார். அந்த மண்டபத்துப் பணக்காரர்களில் பலரை இன்று யாருக்கும் தெரியாது. கொட்டை விற்றவரைத் தேடிக்கொண்டு ஊர் ஊராக வருகிறார்கள்.

நான் 360 கேமரா வைத்தால் முதலில் அந்தச் சிலையின் முன்தான் வைப்பேன். இரண்டாவது, அந்த வெறும் சுவரின் முன்.

முடிவாக...

தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடக்கம் செய்யும் இடத்தைக் "கல்லறைத் தோட்டம்" என்று சொல்வார்கள். பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லில் "தோட்டம்" இருப்பதை இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் கவனித்தேன்.

எழுதி முடிப்பதற்கு முந்தைய நாள் அம்மாவைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைக் கண்ணில் வைத்துவிட்டேன். எது என்று சொல்லவில்லை. "ஏதோ பார்க் மாதிரி இருக்கு" என்று மெதுவாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னேன். பெட்டியைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். எறியவில்லை. இன்னும் ஒரு சுற்று திரும்பிப் பார்த்துவிட்டு, "தாத்தாவை வச்ச இடத்துல மரம் இருக்குன்னு தம்பி சொன்னான்ல?" என்று கேட்டார். இத்தனை வருடமாக அந்த ஒரு வரியை அம்மாவும் ஞாபகம் வைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஆமா" என்றேன்.

தேர்வு முடிந்ததும் நாங்கள் இருவரும் அங்கே போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம். பெட்டி வேண்டாம், நேரிலேயே.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.